மூன்றாவது உறையில் இருந்த துண்டு

கொதிகலன்களிலும் குழாய்களிலும் கல்லாகப் படிந்துபோகும் உப்பை ஆசிட் விட்டுக் கரைத்து எடுப்பதுதான் என் தொழில். முப்பத்து நான்கு வருஷம் அதைச் செய்துவிட்டு ஓய்வு பெற்றேன். இப்போது துடியலூரில் மகன் வீட்டு மாடியில் இருக்கிறேன்.

சென்ற மாசியில் எங்கள் பழைய கம்பெனியிலிருந்து நிவேதா என்ற பெண் என்னைப் பார்க்க வந்தார். வேதியியல் படித்தவர், பாதுகாப்பு அதிகாரியாகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். வேலைக்கு வருகிறவர்களுக்காக ஒரு கையேடு தயாரிப்பதாகவும், பழைய ஆட்கள் தங்கள் அனுபவத்திலிருந்து ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும் என்றும் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். கண்ணாடி போடாமல் ஆசிட் கேனைத் திறக்கக் கூடாது, தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது என்கிற மாதிரி விஷயங்கள். எல்லாம் சரியான விஷயங்கள்தான்.

பத்து நாள் கழித்து அவர் மறுபடி வந்தார். நான் எழுதிய தாளை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "நல்லா எழுதியிருக்கீங்க சார். ஆனா இதுல காளியப்பன் இல்லீங்களே."

அவர் போன பிறகு எழுதியது இது. கையேட்டில் போட முடியாத அளவு நீளம். இருக்கட்டும்.

எனக்குச் சொந்த ஊர் கிணத்துக்கடவுக்குத் தெற்கே. தோட்டத்தில் கிணறு வற்றியபோது நான் ஐ.டி.ஐ. முடித்திருந்தேன். சிங்காநல்லூர் பக்கம் இருந்த கம்பெனியில் உதவியாளாகச் சேர்ந்தேன். முதல் மூன்று வருஷம் கேன் தூக்கினேன், குழாய் மாட்டினேன், கை கால்களில் சுட்டுக்கொண்டேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

கோயமுத்தூரில் சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது முழுதாகப் புரியாது. கிழக்கே போகப் போக ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் எல்லாம் உப்பு. வீட்டில் தண்ணீர் காய வைக்கும் ஹீட்டர் கம்பியில் வெள்ளையாக ஏறுகிறதே, அதுதான் கொதிகலனிலும் ஏறும். ஆனால் அங்கே இரவும் பகலும் நெருப்பு எரிவதால் சுண்ணாம்பு கல்லாகிவிடும். உள்ளே கட்டை விரல் நுழைகிற குழாயில் சுண்டு விரல்கூட நுழையாது. வெளியே தீ, உள்ளே கல், சூடு தண்ணீருக்குப் போய்ச் சேராது. இரும்பு பழுத்து, வீங்கி, ஒரு நாள் வெடிக்கும். அதற்கு முன்னால் எங்களைக் கூப்பிடுவார்கள்.

ஆசிட்டுக்குக் கல் எது, இரும்பு எது என்று தெரியாது. கல்லைத் தின்ற பிறகு இரும்பைத் தின்னும். இரும்பைக் காப்பாற்ற ஒரு மருந்தைக் கலந்துதான் உள்ளே விடுவோம். பம்பு வைத்து அதைச் சுற்றவிட்டு, அரை மணிக்கு ஒரு தடவை வீரியம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். வீரியம் குறைந்துகொண்டே போனால் உள்ளே கல் கரைகிறது என்று பொருள். குறைவது நின்றுவிட்டால் கரைய வேண்டியது கரைந்துவிட்டது. உடனே வெளியேற்ற வேண்டும். இதெல்லாம் கை வேலை, யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். எந்தக் கல்லுக்கு எந்த மருந்து என்று முடிவு செய்வதுதான் கஷ்டம். அதை எங்கள் கம்பெனியில் ஜெகநாதன் சார் செய்தார்.

அவர் எங்கள் கெமிஸ்ட். ஒல்லியான மனிதர். வெள்ளை அரைக்கைச் சட்டையில் ஆசிட் பட்ட பொத்தல்கள் இருக்கும். முதலாளியிலிருந்து கேன் கழுவுகிற ஆள் வரை எல்லோரையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். இருபது வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆனால் அவரைக் கண்டால் எல்லோருக்கும் பயம், ஏனென்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நாம் செய்த தப்பை அவர் சொல்லவே மாட்டார். நாமே அதைப் பார்க்கும்படி எதையாவது கையில் கொடுத்துவிடுவார்.

எந்த வேலைக்குப் போனாலும் முன்னதாக ஒருவர் போய், படிந்த கல்லை மூன்று இடத்தில் பெயர்த்து எடுத்து வர வேண்டும் என்பது அவர் ஏற்படுத்திய முறை. மேலே, நடுவில், அடியில். காக்கி நிற உறை மூன்று தருவார். ஒவ்வொன்றின் மேலும் எடுத்த இடத்தையும் தேதியையும் எழுதி, எடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். துண்டுகளை அவர் கண்ணாடி டம்ளர்களில் போட்டு ஆசிட் விடுவார். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு, சுலபம். பொங்காமல் கிடந்தால் முதலில் சோடா உப்பில் ஒரு நாள் முழுக்கக் கொதிக்க வைத்துவிட்டுத்தான் ஆசிட் விட வேண்டும். எல்லாம் கரைந்தும் மணல் மாதிரி அடியில் நின்றால் அதற்கு வேறு மருந்து. பொங்குகிற டம்ளரின் வாயருகே ஒரு வெள்ளைக் காகிதத் துண்டைப் பிடிப்பார். ஈய உப்பில் நனைத்து உலர்த்திய காகிதம். கல்லில் கந்தகச் சேர்மானம் இருந்தால், ஆசிட் பட்டதும் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஒரு வாயு வரும். அது பட்டால் காகிதம் காப்பி நிறமாகி, பிறகு கறுக்கும். அப்படிக் கறுத்தால் அந்த வேலையில் ஆசிட்டே கிடையாது, வேறு வழி பார்க்க வேண்டும். அந்த வாயு ஆளைக் கொல்லும்.

"மூக்கை நம்பாதீங்க" என்று மட்டும் எங்களிடம் அடிக்கடி சொல்வார். கொஞ்சமாக இருந்தால் நாறும். அதிகமாக இருந்தால் முதலில் மூக்கைத்தான் செயலிழக்க வைக்கும். நாற்றம் போய்விட்டது என்று நினைப்போம்.

ஒரு தடவை எங்கள் ஊர்ப் பக்கமே, தேங்காய்த் துருவலை உலர்த்தும் ஆலை ஒன்றுக்கு என்னை அனுப்பினார். நான் மேலே ஒரு துண்டு மட்டும் எடுத்து வந்து, எல்லா இடமும் ஒரே மாதிரிதான் இருக்கிறது சார் என்றேன். அவர் காலியாக இருந்த இரண்டு உறைகளை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மறுபடி பஸ் ஏறிப் போனேன். அடியிலிருந்து எடுத்த துண்டு ஆசிட்டில் கரையவே இல்லை, மணலாக நின்றது. மேல் துண்டை நம்பிப் போயிருந்தால் ஆசிட் அடியைத் தொடாமல் மேலே இரும்பைத் தின்றிருக்கும். அவர் டம்ளரை என் பக்கமாகத் தள்ளி வைத்தார், அவ்வளவுதான். அதன் பிறகு பல வருஷம் நான் மூன்று உறை இல்லாமல் வந்ததில்லை.

அவர் ஓய்வு பெற்றுத் திருச்சிக்கு மகளிடம் போனார். அந்த இடத்துக்குக் கெமிஸ்ட் யாரையும் எடுக்கவில்லை. துண்டுகளைச் சோதிப்பதும் வேலையை மேற்பார்ப்பதும் என்னிடமே வந்தன. டம்ளர்கள், காகிதக் கட்டு, உறைகள், எல்லாம் என் அலமாரிக்கு வந்தன.

காளியப்பன் என்னோடு பதினான்கு வருஷம் வேலை செய்தான். வெள்ளகோவிலுக்குப் பக்கத்து ஊர். அப்பா தோட்ட வேலைக்குப் போகிறவர். இவன் சின்னச் சுத்தியலால் குழாயைத் தட்டிப் பார்த்து, உள்ளே எவ்வளவு கல் இருக்கிறது என்று சத்தத்திலேயே சொல்வான். அநேகமாகச் சரியாக இருக்கும். எதையும் கேட்காமல் செய்ய மாட்டான். வால்வைத் திறப்பதானால், "ண்ணா, தொறக்கட்டுங்ளா?" என்பான். மூடுவதற்கும் கேட்பான். மற்றவர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே அடுத்த தடவையும் கேட்பான்.

நான் சொல்ல வந்த வேலை திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில். சாயக் கழிவைச் சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது என்று ஆன பிறகு, பட்டறைகள் கழிவுநீரைக் காய்ச்சி, ஆவியைத் தண்ணீராகப் பிடித்து, உப்பைத் தனியாக எடுத்தன. அந்தக் காய்ச்சுகிற கலன் இரண்டு மாடி உயரம். மேலே குழாய்க் கொத்து, கீழே புனல் மாதிரி குவிந்த அடிப்பகுதி. கல் ஏறி அடைத்துவிட்டதால் கலன் நின்றுபோயிருந்தது. கலன் நின்றால் பட்டறையும் நிற்க வேண்டும். அங்கிருந்த மேனேஜர் ஒரு மணிக்கு ஒரு தடவை எனக்குப் போன் செய்தார்.

துண்டு எடுக்க நானேதான் போனேன். மேல் மூடியைத் திறந்து ஒன்று எடுத்தேன். நடுவில் ஆள் நுழைகிற வழி இருந்தது, அங்கே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நல்ல துண்டு பெயர்ந்து வந்தது. அடிப்புனலில் ஒரு சின்ன மூடிதான். அதன் போல்ட்டுகள் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அறுத்துத்தான் எடுக்க வேண்டும், அதற்கு வெல்டிங் ஆள் வர வேண்டும், மதியம் ஆகும். மேனேஜர் பக்கத்தில் நின்று, இப்படிப் பார்த்தால் இந்த வாரம் முடியாதுங்களே என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் நடுவில் எடுத்த துண்டை இரண்டாக உடைத்தேன். ஒரு பாதியை 'நடு' என்று எழுதிய உறையிலும், மறு பாதியை 'அடி' என்று எழுதிய உறையிலும் போட்டேன். இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன்.

அன்று சாயங்காலம் மூன்று துண்டையும் சோதித்தேன். மூன்றாவது வீண் வேலை என்று தெரிந்தும் அதையும் டம்ளரில் ஒரு சில்லு போட்டுப் பார்த்தேன். நன்றாகப் பொங்கியது. காகிதம் வெள்ளையாகவே இருந்தது. ஆசிட் போடலாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

அடியில் என்ன இருந்தது என்று பின்னால் தெரிந்தது. அந்தப் பட்டறையில் கறுப்புச் சாயம் போடக் கந்தக உப்பு உபயோகிப்பார்கள். அதன் கழிவு கறுப்புச் சேறாகப் புனலில் தங்கி, அதன் மேல் சுண்ணாம்பு கெட்டியாக மூடிவிட்டிருந்தது. நாங்கள் விட்ட ஆசிட் ஒரு நாள் முழுக்க மேலே மூடியிருந்த சுண்ணாம்பைத்தான் கரைத்தது. எல்லாம் ஒழுங்காக நடப்பது போலவே இருந்தது. மறுநாள் காலை ஆசிட்டை வெளியே விட வால்வைத் திறந்தோம். பாதி போனதும் நின்றுவிட்டது. பெயர்ந்து விழுந்த கல் அடிக்குழாயை அடைத்துக்கொண்டது.

வெளியிலிருந்து கம்பி விட்டுப் பார்த்தோம், முடியவில்லை. மீதி ஆசிட்டைப் பம்பு வைத்து உறிஞ்சினோம். புனலில் முழங்கால் அளவுக்குக் கொஞ்சம் தங்கிவிட்டது. நடு வழியாக ஒருவர் இறங்கி, உள்ளேயிருந்து கம்பியால் குத்திவிட்டால் போய்விடும்.

நடு மூடியைத் திறந்தபோது அழுகிய முட்டை நாற்றம் வந்தது. மூச்சைப் பிடித்துத் தள்ளி நின்றேன். திரும்ப அருகில் போனபோது நாற்றம் இல்லை. காற்றில் கலைந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காற்று ஊதும் இயந்திரத்தை வேறு வேலைக்கு அனுப்பியிருந்தோம். காகிதக் கட்டு கீழே வண்டியில் பெட்டிக்குள் இருந்தது. ஒரு துண்டை நூலில் கட்டி உள்ளே இறக்கிப் பார்க்க வேண்டும், அதற்கு ஒரு மாடிப் படி இறங்கி ஏற வேண்டும். மேனேஜர் கீழிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

காளியப்பன் ரப்பர் பூட்ஸும் கையுறையும் போட்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வந்து நின்றான். அவனோடு ராஜன் என்று இன்னொரு ஆள் கயிற்றைப் பிடித்திருந்தான்.

"ண்ணா, பேப்பர் உட்டுப் பாத்துட்டீங்ளா?" என்று காளியப்பன் கேட்டான்.

"பாத்தாச்சு. எறங்கப்பா" என்றேன்.

அவன் உடனே ஏணியில் கால் வைத்தான். அடிக்குப் போய், கம்பியால் மூன்று நான்கு முறை குத்தின சத்தம் கேட்டது. பிறகு சத்தம் இல்லை. நான் குனிந்து டார்ச் அடித்தபோது அவன் ஏணியின் அடிப்படியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தான். கூப்பிடவில்லை, கையை ஆட்டவில்லை. நின்ற நிலையிலேயே விழுந்திருக்கிறான்.

கயிற்றை இழுத்தோம். இடுப்பில் கட்டிய கயிறு ஆளை மடக்கித்தான் தூக்கும், நேராகத் தூக்காது. அவன் தோள் ஏணிப்படிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. கீழிருந்து இன்னும் இரண்டு பேர் ஓடி வந்து இழுத்தார்கள். இழுக்க இழுக்க இறுகியது. ராஜன் கயிற்றை விட்டுவிட்டு உள்ளே காலை விட்டான். நான் அவன் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தேன். அவன் என்னை முழங்கையால் முகத்தில் இடித்தான். "உடுங்ணா, என்ற கண்ணு முன்னால சாகறானுங்ணா" என்று அழுதான். நான் விடவில்லை. ஒருவன் விழுந்த இடத்தில் இரண்டாவது ஆள் இறங்கினால் இரண்டு பிணம் என்று எனக்குத் தெரியும். எனக்கு எல்லாமே தெரியும்.

தீயணைப்பு வண்டி வர அரை மணி ஆனது. அவர்கள் முகத்தில் மூச்சுக் கருவி மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். அதுவரை மேலிருந்து டார்ச் வெளிச்சத்தில் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ராஜன் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

அவனை எடுத்துப் போன பிறகு நான் வண்டிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, ஒரு காகிதத்தை நூலில் கட்டிக் கொண்டுவந்து உள்ளே இறக்கினேன். எதற்குச் செய்தேன் என்று தெரியாது. பாதி தூரம் போவதற்குள் கறுத்துவிட்டது. அதைச் சுருட்டிப் பட்டறைச் சாக்கடையில் போட்டேன்.

மறுநாள் கம்பெனி அலுவலகத்தில் ஒரு வாக்குமூலம் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். மேற்பார்வையாளர் தண்ணீர் குடிக்கக் கீழே சென்றிருந்த சமயத்தில், இறந்தவர் அனுமதி பெறாமல் தாமாகவே கலனுக்குள் இறங்கிவிட்டார் என்று இருந்தது. முதலாளி என்னைத் திட்டவில்லை. என் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். மகன் எந்த வகுப்பு என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் ஜெயில் எனக்குத்தான் என்றும், போனவன் திரும்பி வரப்போவதில்லை என்றும் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன். ராஜன் என் முகத்தைப் பார்த்தான். நான் போட்டதால் அவனும் போட்டான். அடுத்த மாதம் அவன் வேலையை விட்டுப் போய்விட்டான், பிறகு நான் அவனைப் பார்க்கவில்லை.

காரியத்துக்குப் போனேன். மாலை போட்டேன். காளியப்பன் மனைவி தங்கமணி அழுது ஓய்ந்து சுவரில் சாய்ந்திருந்தது. பெண் குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. "நீங்க பக்கத்துல இருந்திருந்தா உட்டிருக்க மாட்டீங்ளே" என்று என்னைப் பார்த்துச் சொன்னது. நான் தலையை ஆட்டினேன்.

ஒரு வாரம் கழித்து ஜெகநாதன் சார் திருச்சியிலிருந்து போன் செய்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். நலம் விசாரிக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"அடியில எடுத்தீங்களா?"

"எடுத்தேனுங்க சார்."

"சரிங்க" என்று வைத்துவிட்டார். மறு வருஷம் அவர் இறந்தபோதுதான் மறுபடி அவர் பெயர் என் காதில் விழுந்தது. நம்பினாரா, நம்பாமல்தான் வைத்தாரா என்று எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வியோடு இன்றைக்கும் ராத்திரியில் விழித்துக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு ஏழு வருஷம் வேலை செய்தேன். ஒரு வேலையிலும் பிழை விடவில்லை. மூன்று துண்டுக்குப் பதில் ஐந்து எடுத்தேன். ஓய்வு பெற்ற அன்று எனக்குப் பொன்னாடை போர்த்தி, பாதுகாப்பில் அக்கறை உள்ளவர் என்று பேசினார்கள்.

நிவேதா இரண்டாவது தடவை வந்தபோது கைப்பையிலிருந்து மூன்று காக்கி உறைகளை எடுத்து மேசையில் வைத்தார். விபத்துக் கோப்பில் பதினோரு வருஷமாகக் கட்டி வைத்திருந்தவை. வாக்குமூலம் வாங்கியவர்கள் ஒருவரும் அவற்றைத் திறந்து பார்க்கவில்லை. அவர் 'நடு' உறையிலிருந்ததையும் 'அடி' உறையிலிருந்ததையும் வெளியே எடுத்து, உடைந்த விளிம்புகளைச் சேர்த்து வைத்தார். ஓரத்தில் நான் சோதனைக்குக் கிள்ளின இடங்களைத் தவிர, மற்ற இடமெல்லாம் முடி நுழைய இடமில்லாமல் பொருந்தியது.

"ஆய்வுக்கு அனுப்பலாம்னுதான் தொறந்தேன் சார்" என்றார். "அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை."

மருமகள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவள் போகும்வரை காத்திருந்தேன். பிறகு நடந்ததை நடந்தபடி சொன்னேன். நிவேதா எழுதித் தருகிறீர்களா என்று கேட்டார். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இதனால் உங்கள் மேல் வழக்கு வரலாம் என்றார். வரட்டும் என்றேன். இப்போதைய முதலாளி, பழையவரின் மகன், எனக்குப் போன் செய்து செத்துப்போன விஷயத்தை எதற்குக் கிளறுகிறீர்கள் என்று கேட்டார். நான் எழுதிக் கொடுத்தது எங்கே போய் நிற்கிறது என்று இதை எழுதும் வரை தெரியவில்லை.

நிவேதா புறப்படும்போது வாசலில் நின்று, அந்தக் குடும்பத்துக்கு யாராவது சொன்னார்களா என்று கேட்டார்.

மூன்றாம் நாள் காலை சிங்காநல்லூரில் பஸ் ஏறி, காங்கேயம் வழியாக வெள்ளகோவிலுக்குப் போய், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் அவன் ஊருக்குப் போனேன். தங்கமணி பக்கத்துத் தறிக்கூடத்தில் நூல் சுற்றும் வேலைக்குப் போகிறது. ஞாயிற்றுக்கிழமையானதால் வீட்டில் இருந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "வாங்ணா, இம்புட்டு தூரம் வந்திருக்கீங்" என்று நாற்காலி எடுத்துப் போட்டது. சுவரில் காளியப்பன் படம், கல்யாணத்தில் எடுத்ததைப் பெரிதாக்கியது. மகள் கவிதா வெள்ளகோவிலில் மருந்துக் கடைக்கு வேலைக்குப் போகிறதாம்.

நான் தண்ணீர்ச் சொம்பைத் தொடாமல் சொன்னேன். "அம்மணி, காளியப்பன் தானா எறங்கலை. நாந்தான் எறங்கச் சொன்னேன். காத்துச் சோதிச்சாச்சான்னு அவன் கேட்டான். சோதிக்காமயே சோதிச்சாச்சுன்னு சொன்னேன்." பிறகு உறையில் போட்ட துண்டைப் பற்றியும், கையெழுத்தைப் பற்றியும் சொன்னேன்.

தங்கமணி அழவில்லை.

"ஊட்டுல ஒரு டம்ளர் எடுக்கறதுன்னாலும் கேட்டுத்தானுங்ணா எடுப்பாரு" என்றது. "அவரு எப்படிக் கேக்காம எறங்குவாருன்னு எனக்கு அன்னைக்கே ரோசனைதான். ஆனா நீங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தீங்ளே." படத்தைத் திரும்பிப் பார்த்துச் சொன்னது: "பதினோரு வருசமா அமாவாசைக்கு அமாவாசை படத்து முன்னால நின்னு வஞ்சுட்டிருந்தேனுங்ணா. சொன்ன பேச்சைக் கேக்காம எங்களை இப்படி உட்டுப்போட்டுப் போயிட்டியேன்னு."

நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். மன்னிப்பு என்ற சொல்லை நான் எடுக்கவில்லை.

"இன்னொருக்கா சொல்லுங்" என்றது தங்கமணி. உள்ளே போய் மகளைக் கூட்டி வந்து எதிரில் உட்கார வைத்தது. முதலிலிருந்து சொன்னேன். கவிதா என்னைப் பார்க்கவே இல்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தது. முடிந்ததும் தங்கமணி எதிர்வீட்டிலிருந்து தன் அண்ணனை வரச் சொன்னது. அவருக்கும் சொன்னேன். அவர் கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். "உட்காருங்ணா, அவரு சொல்லட்டும்" என்று தங்கமணி அவரைப் பிடித்து உட்கார வைத்தது. பக்கத்தில் இரண்டு பேர் வந்து நின்றார்கள், அவர்களுக்காக ஆரம்பத்திலிருந்து மறுபடி சொல்லச் சொன்னது. ஒவ்வொரு தடவையும் நான் சுருக்கப் பார்த்தேன். விட்ட இடத்தைத் தங்கமணி எடுத்துக் கொடுத்தது. "பேப்பர் பாத்தாச்சான்னு அவரு கேட்டதைச் சொல்லுங்" என்றது.

கடைசியாகப் பின்பக்கம் ஆட்டுப்பட்டிக்கு அருகில் கட்டிலில் படுத்திருந்த காளியப்பனின் அப்பா சென்னியப்பனிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனது. எண்பதுக்கு மேல் வயது. ஆயுசு முழுக்க அடுத்தவர் தோட்டத்தில் வேலை செய்தவர். காது சரியாகக் கேட்காது என்றும், கிட்டப் போய்ச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்றும் தங்கமணி சொன்னது.

நான் குனிந்து அவர் காதருகில் சொன்னேன். அவர் கையை விரித்துக் கேட்கவில்லை என்று காட்டினார். இன்னும் சத்தமாகச் சொன்னேன். அப்புறம் கத்தினேன். "நாந்தானுங்க எறங்கச் சொன்னேன். உங்க மகன் தானா எறங்கலீங்க. நான் பொய் சொல்லி எறக்குனேனுங்க." தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்தினாள்.

பெரியவருக்குப் புரிந்துவிட்டது. அவர் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் கோபமே இல்லை. எத்தனையோ வருஷமாகத் தலை குனிந்து நடந்த ஒருவர் நிமிர்ந்த மாதிரி இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"பாத்தியா அம்மணி" என்றார் அவர். "சொன்னதைக் கேட்டுத்தான் எறங்கியிருக்கான் எம் பையன்."